நாலு போல்ட்

எங்கள் வீட்டுக் காரின் பானெட்டைத் திறக்க முதலில் நாலு போல்ட் கழற்ற வேண்டும். எல்லாக் கார்களுக்கும் அப்படித்தான் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்து, "பதினேழு எடு" என்பார். நான் பதினேழாம் நம்பர் ஸ்பேனரைத் தேடி எடுத்துக் கொடுப்பேன். நாலும் கழன்றதும் அப்பாவும் எதிர்வீட்டு மாமாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, முன்னால் மாட்டியிருக்கும் இரும்புக் குழாய்ச் சட்டத்தைத் தூக்கி ஓரமாக வைப்பார்கள். அதற்கப்புறம்தான் பானெட் திறக்கும்.

திறப்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும். அது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. அதன் பானெட் மற்ற கார்களைப் போல ஒரு மூடி அல்ல. மட்கார்டு, ஹெட்லைட், கிரில் எல்லாம் சேர்ந்த முழு முகமும் அப்படியே முன்பக்கமாகச் சாய்ந்து எழும். உள்ளே இஞ்சின், ரேடியேட்டர், முன்சக்கரங்கள் எல்லாம் வெளியே தெரியும். மாமா முன் டயர் மேலேயே உட்கார்ந்து கார்புரேட்டரைக் கழற்றுவார். வேறு எந்தக் காரிலும் இவ்வளவு வசதியாக வேலை செய்ய முடியாது என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். உடனே அந்தக் குழாய்ச் சட்டத்தைப் பார்த்து, "இது ஒண்ணுதான் கெடுத்து வச்சிருக்கு" என்பார். அப்பா பதில் சொல்ல மாட்டார்.

மாமாவுக்கு அந்தக் காரைத் தெரியும் என்பது சாதாரணமாகத் தெரிவது அல்ல. அவர் வண்டலூர் ஃபேக்டரியில் பாடி அசெம்பிளியில் வேலை செய்தவர். ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற அந்த நிறுவனம் 1948இல் தொடங்கியது. தாம்பரம் தாண்டி, ஜி.எஸ்.டி. ரோட்டில், பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் நடுவே அதன் தொழிற்சாலை இருந்தது. முதலில் வேன்கார்டு, பிறகு ஸ்டாண்டர்ட் டென், 1961இலிருந்து ஹெரால்டு. பம்பாயில் ஃபியட், கல்கத்தா பக்கம் அம்பாசடர், மெட்ராஸில் ஹெரால்டு. அன்றைக்கு இந்தியாவில் கார் வாங்க நினைத்தவருக்கு இருந்த தேர்வே இந்த மூன்றுதான். இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஹெரால்டு கடைசிவரை இரண்டு கதவுக் காராகவே இருந்தது. நாலு கதவு வைத்தது நம் ஊரில்தான். குடும்பத்தோடு ஏறி இறங்க வேண்டும், புடவை கட்டிக்கொண்டு பின் சீட்டுக்குப் போக வேண்டும் என்றால் நாலு கதவு இல்லாமல் எப்படி?

அந்தக் காரை வடிவமைத்தவர் ஜியோவான்னி மிக்கெலாட்டி என்ற இத்தாலியர். 1959இல் அது வந்தபோது மற்ற நிறுவனங்கள் சேஸ் இல்லாமல் பாடியையே ஒரே கூடாகச் செய்யும் முறைக்கு மாறிக்கொண்டிருந்தன. முழு பாடியையும் செய்து தர ஆள் கிடைக்காததால், ஸ்டாண்டர்ட்-ட்ரையம்ஃப் பழையபடி தனி சேஸ் வைத்து, அதன்மேல் துண்டு துண்டாக பாடியை போல்ட் போட்டு முடுக்கியது. வேறு வழியில்லாமல் செய்ததுதான். ஆனால் அதனாலேயே அந்தக் காரை எங்கேயும் பிரிக்கலாம், எங்கேயும் கோர்க்கலாம். மாமா அதை "மெக்கானோ செட்டு" என்பார்.

1985இல் ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெரிய கார் வந்தது. அது ஓடவில்லை. 1988இல் தொழிற்சாலை மூடப்பட்டது. இன்று அந்த இடத்தில் ஐ.டி. வளாகம் இருக்கிறது. நான் மூன்று வருடம் அங்கேதான் வேலை பார்த்தேன். எங்கள் கார் பிறந்த இடத்தில் உட்கார்ந்து யாரோ ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் மென்பொருளில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். மாமாவிடம் சொன்னபோது, "எந்த பில்டிங்? நம்ம பெயிண்ட் ஷாப் பக்கமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

*

அந்தக் குழாய் எப்படி வந்தது என்பது வீட்டில் பலமுறை சொல்லப்பட்ட கதை. அப்பா ரயில்வேயில் இருந்தார். 1986இல் சானடோரியம் பக்கம் ஒரு டாக்டரிடமிருந்து பதினாறு வருடப் பழைய ஹெரால்டை வாங்கினார். அதன் முன் பம்பர் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குரோம் பட்டை, அவ்வளவுதான். 1994இல் தாம்பரம் மார்க்கெட் அருகே நின்றுகொண்டிருந்தபோது ஒரு லாரி பின்னால் வந்து மெதுவாக இடித்தது. பட்டை உள்ளே வளைந்தது. ஒரு ஹெட்லைட் போனது. முன் சீட்டில் அம்மா, மடியில் கைக்குழந்தையாக என் தம்பி. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்றிரவு அப்பா தூங்கவில்லை என்று அம்மா சொல்வாள்.

அடுத்த வாரம் முடிச்சூர் ரோட்டில் ஒரு வெல்டிங் கடையில் இரண்டரை அங்குல இரும்பு பைப்பை வளைத்து, குறுக்கே ஒன்று, மேலே ஒன்று, நடுவில் இரண்டு செங்குத்துத் துண்டுகள் என்று ஒரு சட்டம் செய்து மாட்டினார். சேஸில் தகடு வெல்டிங் வைத்து, நாலு போல்ட். கறுப்பு பெயிண்ட். அந்த நாட்களில் அம்பாசடர், பத்மினி, மாருதி வேன் எல்லாவற்றுக்கும் முன்னால் இப்படி ஒரு கம்பி இருந்தது. பம்பருக்கு ஒரு பம்பர். அதை யாரும் விநோதமாகப் பார்க்கவில்லை. சிலர் அதில் குரோம் பூசி, மஞ்சள் ஃபாக் லைட்டும் மாட்டினார்கள்.

எங்கள் காருக்கு மட்டும் ஒரு சிக்கல். மற்ற கார்களின் பானெட் மேலே திறக்கும். எங்களுடையது முன்னால் சாயும். சட்டம் வழியை மறித்தது. அதற்குத்தான் அந்த நாலு போல்ட். போகப்போக அவை துருப்பிடித்தன. கழற்றுவது பெரிய வேலையானதால் பானெட் திறப்பது குறைந்தது. ஆயில் மாற்றுவது தள்ளிப்போனது. 2004 வாக்கில் கார் ஓடுவதே நின்றுவிட்டது. வீட்டோரம் தகரக் கொட்டகையில், தார்ப்பாயின் கீழ் பதினெட்டு வருடம் நின்றது. அப்பாவுக்கு வயதாகிறது, டிராஃபிக் அதிகமாகிவிட்டது, உதிரிபாகம் கிடைப்பதில்லை என்று காரணம் சொன்னார்கள். நம்பினேன்.

*

2021இல் வீட்டிலிருந்தே வேலை என்றானபோது தார்ப்பாயை எடுத்துப் பார்த்தேன். மாமாவுக்கு அப்போது எழுபது தாண்டிவிட்டது. "பாப்பா, சேஸ் நல்லா இருக்கு. மத்ததெல்லாம் பாத்துக்கலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு ஒரு வருடமும் என் சேமிப்பில் பாதியும் போயின. பிரேக் சிலிண்டர்கள், ரேடியேட்டர், வயரிங். 948 சி.சி. இஞ்சின். இன்றைய ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்கள்கூடச் சிரிக்கும் வேகம். ஆனாலும் 2022 ஜூனில் அது உயிரோடு இருமியபோது தெருவே வந்து நின்றது. அப்பா மட்டும் மாடியிலிருந்து இறங்கவில்லை.

ஆர்.சி. புதுப்பிக்க வண்டியைக் கொண்டுபோனேன். ஆய்வாளர் சுற்றிப் பார்த்தார். முகத்தில் ஒரு புன்னகை. பழைய கார்களைப் பார்த்தால் எல்லோருக்கும் வருவது. முன்னால் வந்ததும் நின்றார். "இத எடுத்துட்டு கொண்டாம்மா. இப்பல்லாம் அலவுடு இல்ல."

அவர் சொன்னது சரி. 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது: வண்டிகளில் கிராஷ் கார்டு, புல் பார் மாட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு எதிரானது, நடவடிக்கை எடுங்கள் என்று. பதிவு செய்தபோது இருந்த வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்பது அந்தப் பிரிவு. புதிய கார்களில் இந்தக் கம்பிகள் ஏர்பேக் சென்சாரைக் குழப்பும். நடந்து போகிறவர்களுக்கு ஆபத்து. இந்த இரண்டாவது காரணத்தை நான் அன்றைக்குப் படித்தேன், தாண்டிப் போனேன். எங்கள் காரில் ஏர்பேக்கே கிடையாது என்பதுதான் மனதில் நின்றது.

உண்மையைச் சொன்னால் எனக்கு சந்தோஷம்தான். அந்தக் குழாய் அசிங்கமாக இருந்தது. பழைய பம்பரைத் தேடிப் பிடித்து மாட்டினால் மிக்கெலாட்டி வரைந்த முகம் திரும்ப வந்துவிடும். இரவெல்லாம் உட்கார்ந்து பழைய கார்களின் பம்பர் வரலாற்றைப் படித்தேன். எனக்கு முன்னால் இதே வேலையைப் பலர் செய்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் 1973 மாடல் கார்களுக்கு ஒரு விதி வந்தது. முன்பக்கம் மணிக்கு 5 மைல், பின்பக்கம் 2½ மைல் வேகத்தில் மோதினாலும் விளக்கு போன்ற முக்கியமான பாகங்கள் கெடக்கூடாது. அடுத்த ஆண்டு பின்பக்கத்துக்கும் 5 மைல். நாம் வேகமாக நடப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலான வேகம் அது. அதற்காக ஒவ்வொரு நிறுவனமும் காரின் முன்னும் பின்னும் பெரிய பெரிய உத்தரங்களை மாட்டியது. மெர்சிடிஸ்கள் தாடை நீண்டன. இங்கிலாந்தின் எம்.ஜி.பி. என்ற அழகான சிறிய ஸ்போர்ட்ஸ் கார், 1974 கடைசியில் குரோம் பம்பரை இழந்து, இரும்பின் மேல் கறுப்பு ரப்பர் போன்ற மூக்கை மாட்டிக்கொண்டது. பம்பர் குறிப்பிட்ட உயரத்தில் இருக்க வேண்டும் என்பதால் காரையே ஓர் அங்குலத்துக்கு மேல் தூக்கினார்கள். வளைவில் சாய ஆரம்பித்தது. எம்.ஜி.யும் ட்ரையம்ஃபும் அப்போது ஒரே பிரிட்டிஷ் லேலண்டு குடும்பம். ஆகவே அது எங்கள் ஹெரால்டுக்குச் சித்தி மகன் மாதிரி.

இன்றுவரை எம்.ஜி.பி. வைத்திருப்பவர்களில் பலர் அந்த ரப்பரைக் கழற்றி, முன்பக்கத் தகட்டை வெட்டி ஒட்டி, பழைய குரோம் பம்பருக்கு மாற்றுகிறார்கள். சஸ்பென்ஷனையும் இறக்குகிறார்கள். அமெரிக்க விதியே 1983 மாடல்களிலிருந்து 2½ மைலாகத் தளர்த்தப்பட்டது.

இதில் என்னை நிறுத்திய விஷயம் ஒன்று உண்டு. "பாதுகாப்பு பம்பர்" என்று நாம் சொல்கிற அந்த விதி பாதுகாத்தது பெரும்பாலும் காரைத்தான். 1972இல் அமெரிக்க காங்கிரஸ் பம்பர்களைப் பற்றி இயற்றிய சட்டத்தின் பெயரிலேயே "செலவுச் சேமிப்பு" என்ற சொல் இருக்கிறது. பார்க்கிங்கில் உரசினால் ரிப்பேர் பில் வரக்கூடாது; காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுக்கக்கூடாது. மனித உடம்பைக் காப்பாற்றும் யோசனை வேறொரு திசையில் போயிற்று. மெர்சிடிஸில் இருந்த பேலா பாரெனி, காரின் முன்பக்கமும் பின்பக்கமும் கசங்க வேண்டும், நடுவில் ஆள் இருக்கும் இடம் மட்டும் உறுதியாக இருக்க வேண்டும் என்றார். அவர் யோசனைப்படி செய்த முதல் கார் 1959இல் வந்தது, ஹெரால்டு வந்த அதே ஆண்டு. எது கசங்குகிறதோ அது அடியை வாங்கிக்கொள்கிறது. எது கசங்கவில்லையோ அது அடியை அடுத்தவரிடம் கொடுத்துவிடுகிறது. ஒரு பொறியாளர் எழுதியிருந்ததைப் படிப்பதுபோல அன்று இதைப் படித்தேன்.

*

பம்பரைத் தேடி அலைந்தது தனிக் கதை. ஜி.பி. ரோட்டில் ஒரு பெரியவர் "ஹெரால்டா!" என்று எழுந்து நின்றார், அதற்குமேல் அவரிடம் ஒன்றும் இல்லை. புதுப்பேட்டையில் பத்மினி பம்பர் நாலு கிடைத்தது, "வெட்டி ஒட்டிக்கலாம் மேடம்" என்றார்கள். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கிராமபோன் குழாய், தையல் மெஷின் கால், ஒரு படகின் இஞ்சின்கூட இருந்தது. ஹெரால்டு பம்பர் இல்லை. திரும்பும் வழியில் குரோம்பேட்டையில் ரயில் நின்றபோது சிரிப்பு வந்தது. அந்த ஊருக்குப் பெயர் கொடுத்தது குரோம் லெதர் கம்பெனி. குரோமியம் உப்பில் தோல் பதனிட்ட இடம். ஒரு குரோம் பட்டைக்காக ஊரெல்லாம் சுற்றுகிறவளை அந்தப் பெயர்ப்பலகை கேலி செய்வதுபோல இருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் புலம்பினேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"பின்னாடி அவரைப் பந்தல்ல குறுக்க கெடக்குதே, அது என்னன்னு நெனச்ச?"

போய்ப் பார்த்தேன். பதினைந்து வருடமாக நான் துணி காயப்போடும்போதெல்லாம் தலையில் இடித்துக்கொண்ட கம்பி. மேலே கொடி, கம்பியைச் சுற்றிச் சுற்றிச் சணல் கயிறு, காக்கை எச்சம். விரலால் சுரண்டினேன். உள்ளே வெளிச்சம் தெரிந்தது. லாரி இடித்த வளைவை அப்பா அன்றே தட்டி நிமிர்த்தி எடுத்து வைத்திருக்கிறார். அம்மா அதைப் பந்தலுக்கு எடுத்துக்கொண்டாள். யாரும் மறைக்கவில்லை. நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அப்பாவிடம் சொன்னேன். "ஆய்வாளர் பைப்பை எடுக்கச் சொல்லிட்டாருப்பா. பழைய பம்பரை மாட்டப்போறேன்."

"எடுத்துடு." சட்டென்று சொன்னார். கொஞ்சம் கழித்து, "வெட்டும்போது நான் இருக்க மாட்டேன்" என்றார்.

அன்று மாலை அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று வழக்கமான கேள்வியைக் கேட்டார்: "ஏதாவது ஜெராக்ஸ் எடுக்கணுமா?"

இதைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ஜெராக்ஸ் பிரதிகள் அளவில்லாமல் இருக்கும். ரேஷன் கார்டு ஜெராக்ஸ் மட்டும் நூறு இருக்கும். ஆதார், மின்சார பில், என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், தம்பியின் தடுப்பூசி அட்டை. ஓய்வுபெற்றவருக்கு ஒரு பொழுதுபோக்கு என்று நானும் தம்பியும் சிரிப்போம். அதற்கு முன்னால், ரயில்வேயில் இருந்த காலத்தில், மாதத்தில் இரண்டு ஞாயிறு "யூனியன் மீட்டிங்" என்று போவார்.

அப்பா தெருமுனை திரும்பியதும் அம்மாவைக் கேட்டேன். "இதுல என்னம்மா இருக்கு?"

அம்மா கீரைத் தண்டுகளைக் கூட்டி ஓரமாக வைத்தாள். "ஒனக்கு ஞாபகம் இல்லையா? நீ பின்னாடி சீட்டுலதானடீ இருந்த."

*

ஞாபகம் இருந்தது. 1999 நவம்பர். எனக்கு ஒன்பது வயது. மழை. இருட்டப் போகும் நேரம். ஜி.எஸ்.டி. ரோட்டில் இரும்புலியூர் பக்கம். "டங்" என்று ஒரு சத்தம், கோயில் மணியை ஒரு தடவை மட்டும் அடித்ததுபோல. அப்பா இறங்கினார். கண்ணாடி முழுக்கத் தண்ணீர், எதுவும் தெரியவில்லை. பிறகு ஒரு அண்ணனை முன் சீட்டில் உட்கார வைத்தார்கள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். ஒரு ஆஸ்பத்திரி வாசலில் என்னை அம்மாவோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள். "சின்ன இடி. அந்தப் பையனுக்கு ஒண்ணும் ஆகல" என்றார்கள். மறுநாள் காலை நான் காரைச் சுற்றிப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. எங்கேயும் ஒரு கீறல்கூட இல்லை. அதனால் ஒன்றும் ஆகவில்லை என்பதை நம்பினேன். கீறல் இல்லை என்பதே சாட்சி என்று நினைத்தேன்.

அவனுக்குப் பதினைந்து வயது. பால் பாக்கெட் போட்டுவிட்டு சைக்கிளில் குறுக்கே வந்திருக்கிறான். வேகம் இருபது, இருபத்தைந்துதான் இருக்கும். முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு உடைந்தது. சரியாக அந்தக் கீழ்க் குழாயின் உயரத்தில். மூன்று அறுவை சிகிச்சை. அந்தக் கால் ஓர் அங்குலம் குட்டையாகவே நின்றுவிட்டது. செலவை அப்பா பார்த்துக்கொண்டார். பி.எஃப்.பில் கடன் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் போனது யூனியன் மீட்டிங்குக்கு அல்ல. அந்தப் பையன் படித்து முடித்து, இரும்புலியூரில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்தான்.

"அப்ப பைப்பை ஏன் அப்பவே எடுக்கல?" என்று கேட்டேன்.

"அத எடுத்தா தப்பு நம்மளதுன்னு ஆயிடும்னு நெனச்சாரோ என்னமோ. எடுக்காமலும் ஓட்ட முடியல. நிறுத்திட்டாரு."

மறுநாள் மாமாவிடம் நேராகக் கேட்டேன். அந்தப் பட்டை பம்பர் இருந்திருந்தால் கால் உடைந்திருக்காதா? மாமா உடனே பதில் சொல்லவில்லை. பட்டையைக் கையில் எடுத்து நடுவில் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். "இது தகடு. வாங்கிக்கும். பின்னாடி இருக்குற வேலன்ஸ் தகடும் உள்ள போகும். பைப்பு சேஸோட சேந்தது. அது எங்கயும் போகாது." பிறகு சொன்னார்: "ஆனா பாப்பா, எண்ணூறு கிலோ வண்டி. எது இருந்தாலும் அடிதான். எவ்வளவு கொறஞ்சிருக்கும்னு யாரும் சொல்ல முடியாது. ஒடஞ்சே இருக்காதுன்னு நான் சொன்னா பொய். அதனாலதான்னு சொன்னாலும் ஒங்கப்பாவுக்குப் பாவம்."

அந்த விபத்தைக் குழாய் இல்லாமல் இன்னொரு முறை நடத்திப் பார்க்க முடியாது. அப்பா இருபத்திமூன்று வருடமாக அதைத்தான் மனதுக்குள் நடத்திப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அந்தக் குழாய் லாரியை நினைத்துச் செய்யப்பட்டது. உண்மையில் லாரி மோதினால் அதனால் ஒன்றும் செய்திருக்க முடியாது. இடியை நேராக சேஸுக்குக் கடத்தியிருக்கும், அவ்வளவுதான். அதனால் தாங்க முடிந்தது தன்னைவிட மெலிந்தவற்றின் இடியை மட்டும். சைக்கிள், ஆடு, மனிதக் கால். அம்மாவும் தம்பியும் நானும் உள்ளே இருந்தோம், எங்களுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று ஒருவர் பயந்து செய்தார். அந்தப் பயத்தில் தப்பு இல்லை. ஆனால் வெளியே நடப்பவர்களும் அந்தக் கணக்கில் உண்டு என்பது அன்று அந்த ரோட்டில் யாருக்கும் தோன்றவில்லை. எல்லா வண்டியிலும் அது இருந்தது.

*

போல்ட்டுகள் கழலவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி இரண்டு நாள் ஊறவைத்தும் அசையவில்லை. கடைசியில் கேஸ் கட்டிங்காரரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அப்பா சொன்னபடியே அன்று வெளியே போய்விட்டார். பானெட்டுக்கு ஈரச் சாக்கு போர்த்தி, மாமா பக்கத்தில் நின்று "சேஸ்ல படாம, சேஸ்ல படாம" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாலாவது போல்ட் அறுந்ததும் சட்டம் தானாகவே முன்னால் சாய்ந்து சிமெண்டுத் தரையில் விழுந்தது. அந்த "டங்" எனக்குத் தெரிந்த சத்தம். உள்ளே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

பட்டையை அம்பத்தூரில் ஒரு பிளேட்டிங் பட்டறைக்குக் கொண்டுபோனோம். குரோம் பூச்சு என்றால் குரோம்தான் மின்னுகிறது என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். முதலில் பழையதை உரித்து, சாணை பிடித்து, செம்பு பூசி மேடு பள்ளத்தை நிரப்புவார்கள். பிறகு நிக்கல். பளபளப்பும் துருவைத் தடுக்கும் பலமும் நிக்கலுடையது. கடைசியில் ஒரு மைக்ரானுக்கும் குறைவாக குரோம், நிக்கல் மங்காமல் இருக்க மட்டும். லாரி இடித்த இடத்தில் செம்பை எவ்வளவு நிரப்பினாலும் ஒரு மெல்லிய நெளிவு தெரியும் என்று பட்டறைக்காரர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். இருக்கட்டும் என்றோம்.

பட்டை திரும்பி வந்த அன்று மாட்டினோம். மாமா பானெட்டின் பக்கவாட்டுக் கொக்கிகளை விடுவித்து, "நீயே தொறம்மா" என்றார். ஸ்பேனர் இல்லாமல், யாரும் எதையும் தூக்காமல், காரின் முழு முகமும் ஒரே இழுப்பில் முன்னால் சாய்ந்தது. திரும்பிப் பார்த்தேன். அப்பா மாடிப்படியின் கடைசிப் படியில் நின்றிருந்தார்.

"ஆயில் லீக் ஆகுது பாரு," என்றார். "டைமிங் கவர்ல."

அம்மா பின்னாலிருந்து கத்தினாள். "பந்தல் சாஞ்சு கெடக்கு! கம்பிய எடுத்தீங்களே, பதிலுக்கு என்ன வைக்கிறது?"

காயலான் கடைக்காரருக்குச் சொல்லி வைத்திருந்தேன். அப்பா அவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, குழாய்ச் சட்டத்தின் நீளமான துண்டை மட்டும் அறுத்து வாங்கினார். அவரும் மாமாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கொண்டுபோய் அவரைப் பந்தலில் குறுக்கே வைத்துக் கட்டினார்கள். பம்பரைவிட நன்றாகவே தாங்குகிறது.

*

ஆர்.சி. கைக்கு வந்தது ஆகஸ்டில். ஒரு சனிக்கிழமை மாலை அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து, "ஆர்.சி.ய ஒரு ஜெராக்ஸ் எடுத்து வச்சுக்கணும்" என்றார்.

"கார்லயே போலாமாப்பா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "மெதுவா ஓட்டு."

முன் சீட்டில் உட்கார்ந்து டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டே வந்தார். பெருங்களத்தூர் சிக்னலில் ஒரு ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "எந்த வருசம்ணே?" என்றார். "எழுபது," என்றார் அப்பா. "இங்கதான் செஞ்சது." கையை நீட்டி அந்தக் கண்ணாடிக் கட்டடங்களைக் காட்டினார். ஆட்டோக்காரர் நம்பவில்லை.

இரும்புலியூரில் கடை வாசலில் நிறுத்தினேன். உள்ளிருந்து அவர் வந்தார். முன்தலையில் லேசாக முடி கொட்டியிருந்தது. ஒரு செருப்பின் அடி மட்டும் தடிமனாக இருந்தது. என்னைப் பார்த்து, "பாப்பாவா சார்? பின்னாடி ஒக்காந்து அழுதுட்டே இருந்துச்சே" என்றார். நான் அழுதது எனக்கு நினைவில்லை.

பிறகு காரின் முன்னால் போய் நின்றார். அப்பா இறங்கவில்லை. அவர் குனிந்து பட்டையில் கை வைத்துத் தடவினார், நெளிவு இருந்த இடம் வரைக்கும்.

"பைப்ப எடுத்துட்டீங்களா சார்?"

"ம்."

நிமிர்ந்து, இரண்டடி பின்னால் போய், முழுக் காரையும் பார்த்தார்.

"இவ்ளோ சின்ன வண்டியா சார் இது? அன்னிக்கு ரொம்பப் பெருசா தெரிஞ்சுது."

அப்பா கதவைத் திறந்து இறங்கினார். சட்டைப் பையிலிருந்து ஆர்.சி.யை எடுத்து நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டு மெஷினை நோக்கி நடந்தார்.

"எத்தன காப்பி சார்?"

அப்பா என்னைப் பார்த்தார்.

"ஒண்ணு போதும்," என்றார். உடனே, "சரி, அஞ்சா எடு."